காற்றுப் புகாத ஹோம் தியேட்டர்

அன்பும் மரியாதையும் உள்ள மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதுவது. அம்மா சுகம். அப்பாவும் சுகம்தான், கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். நான் சுகமா இல்லையா என்பதை இதைப் படித்து முடித்ததும் நீங்களே சொல்லுங்கள். நீங்களும் அத்தையும் சுகமாகத்தான் இருப்பீர்கள். அடுத்த வீட்டில் ஒரு குண்டைப் போட்டுவிட்டு போனை வைத்துவிட்டவருக்கு என்ன குறை இருக்கப் போகிறது?

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்று தோன்றும். நம் வீட்டு போன் உங்களுக்குத் தெரியாதா? அப்பாவின் கையில் எந்நேரமும் பசையோ வார்னிஷோ இருப்பதால் அது எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும், அதுவும் அம்மாவின் தையல் மிஷின் மேல் உட்கார்ந்துகொண்டு. அதில் ரகசியம் பேசுவதும் தெரு நடுவில் நின்று மைக்கில் பேசுவதும் ஒன்று. அதனால்தான் கடிதம்.

உங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. விதைப் பரிசோதனைக் கூடத்திலிருந்து எனக்கு வேலை உத்தரவு வந்தது. கூடம் உங்கள் ஊரில், ஒன்றாம் தேதி சேர வேண்டும், தங்க விடுதி உண்டு என்றெல்லாம் அதில் இருந்தது. அப்பா அந்தத் தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, பலகையைப் பார்ப்பதுபோல விரலால் கனத்தை உரசிப் பார்த்துவிட்டு, "என்ன வேலையாம்?" என்றார். "நூறு விதைய ஈரத்தாள்ல வச்சு, எத்தனை முளைக்குதுன்னு பாக்கணும்ப்பா." "அப்புறம்?" "எண்ணணும்." "எண்றதுக்கா அவ்வளவு தூரம்?" அவ்வளவுதான். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. இழைப்புளியை எடுத்துக்கொண்டு பட்டறைப் பக்கம் போய்விட்டார். மூன்று நாள் வீட்டில் மரம் இழைக்கிற சத்தம் மட்டும்தான். நான்காம் நாள் நீங்கள் போன் செய்தீர்கள். அம்மா விஷயத்தைச் சொன்னாள். நீங்கள் சிரித்துவிட்டுச் சொன்னீர்கள்: "மச்சான், இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை? உங்க வீட்டுக்குப் பெரிய டிவி வந்திருக்குல்ல, அதுக்கு ஒரு கம்ப்யூட்டர் சேர்க்கச் சொல்லுங்க அவள. படம் பாக்கலாம், கேம் ஆடலாம், கடையில வாங்குறதுல பாதி விலைதான். அதைச் சேர்த்துட்டான்னா எந்த ஊர்லயும் பொழச்சுக்குவா. காலேஜ் படிச்ச புள்ள!"

மாமா, நான் படித்தது தாவரவியல். நம் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால் உள்ளே என்னென்ன சொல்லித் தருகிறார்கள் என்று இங்கே யாருக்கும் தெரியாது, நானும் விவரமாகச் சொன்னதில்லை. ஆகவே எனக்கு எல்லாம் தெரியும் என்று ஆகிவிட்டது. மிக்ஸி நின்றால் என்னைக் கூப்பிடுகிறார்கள். மருந்துச் சீட்டில் எழுத்து புரியவில்லை என்றாலும், மாடிவீட்டு அக்காவுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தாலும் என்னைத்தான். நான் கணினியைத் தொட்டது மொத்தமே ஆய்வறிக்கை தட்டச்சு செய்யும்போதுதான், அதிலும் முதல் பக்கத்தில் பக்க எண் வராமல் செய்யத் தெரியாமல் வெள்ளை மையால் அழித்துக் கொடுத்தவள் நான். "எனக்குத் தெரியாது மாமா" என்று அன்றைக்கே போன் பக்கத்தில் வந்து சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் எழுந்தேன். அதற்குள் அப்பா, "சேர்த்துட்டான்னா போகட்டும்" என்றார். "போகட்டும்" என்கிற வார்த்தை காதில் விழுந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒன்றாம் தேதிக்கு இருபத்தைந்து நாள் இருந்தது.

அந்த டிவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா ஒரு வீட்டில் சமையலறை அலமாரி எல்லாம் செய்து முடித்தபோது, அவர்கள் புதிதாக ஒன்று வாங்கியதால் பழையதை அப்பாவிடம் தள்ளிவிட்டார்கள். அகலத்தில் நம் வாசல் கதவை விடப் பெரியது, அறிவு மட்டும் கிடையாது. வயரைச் செருகினால் வருவதைக் காட்டும், இல்லாவிட்டால் நீலமாக விழித்துக்கொண்டிருக்கும். ஆக, அதற்கு மூளையை வாங்கி வைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அப்பா பட்ஜெட்டை ஒரே வரியில் போட்டார்: "ஒரு டபுள் கட்டில் விலை. மெத்தை சேர்க்காம."

பழைய கணினி உதிரிபாகம் விற்கிற கடை ஒன்று நான்கு தெரு தள்ளி இருக்கிறது. செத்துப்போன கணினிகளைப் பிழைக்க வைக்கிறவர் என்பதால் கடைக்காரரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் நாள் தனியாகப் போனேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தை வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். எனக்கு முன்னால் வந்தவருக்குச் சாமான் கொடுத்தார், எனக்குப் பின்னால் வந்தவருக்கும் கொடுத்தார், வழி கேட்க வந்தவருக்கு வழி சொன்னார், வெயிலுக்கு ஒதுங்கியவருக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார். கடைசியில் என்னைப் பார்த்து, "நீ யாருக்காகம்மா நிக்கிற?" என்றார். "யாருக்காகவும் இல்ல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் தாளை உரக்கப் படித்தார். "படமும் பாக்கணும், கேமும் ஆடணும், விலையும் கம்மியா இருக்கணும். பரவாயில்லம்மா, வர்றவங்க எல்லாரும் மனசுல வச்சுக்கிட்டு நிக்கிறத நீ எழுதியே கொண்டாந்துட்ட." பிறகு இரண்டு காற்றாடி வைத்த ஒரு கிராபிக்ஸ் கார்டை எடுத்து மேஜையில் வைத்து, இதைப் போட்டால் எந்த கேமும் வெண்ணெயாக ஓடும் என்று விலையைச் சொன்னார்.

"ஒரு பீரோ விலையா?" என்றார் அப்பா. "பீரோவுல கண்ணாடி இருக்கும், லாக்கர் இருக்கும். இதுல என்ன இருக்கு?"

"ரெண்டு ஃபேன் இருக்குண்ணே."

"எங்க வீட்லயே மூணு ஃபேன் இருக்கு."

டாக்டர் நல்ல மனிதர். கார்டைப் பேசாமல் உள்ளே வைத்துவிட்டு, ஓர் அலுவலகத்திலிருந்து கழித்துக் கட்டிய மதர்போர்டையும், அதில் உட்காரும் ப்ராசஸர் ஒன்றையும் காட்டினார். "இது படம் வரையற வேலையையும் தானே சேர்த்துப் பாத்துக்கும். தனியா கார்டு வேணாம். பெரிய கேம்ல மழை பெஞ்சா மட்டும் துளித் துளியா தெரியாது, கோடு கோடாத் தெரியும்." அப்பா யோசிக்கவே இல்லை. "மழை வேணாம்." ராம் எனப்படும் நினைவுப் பட்டையை ஒரே பெரியதாக வாங்காமல் இரண்டு சிறியதாக வாங்கச் சொன்னார், ஜோடியாக இருந்தால்தான் வேகமாம். "ஒத்தக் கதவு இழுக்கும், ரெட்டைக் கதவுதான் நிக்கும்" என்று அப்பா உடனே ஒத்துக்கொண்டார். ஒவ்வொரு சாமானையும் விரல் முட்டியால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். மதர்போர்டின் ஓரத்தைத் தடவி, "முனை மழிக்காமலே வித்திருக்கான்" என்றார். நான் அந்தக் கடையில் இருந்த எல்லா விலைச்சீட்டுகளையும் ஒன்று விடாமல் படித்துக்கொண்டு நின்றேன்.

இவை எல்லாவற்றையும் உள்ளே வைக்க ஒரு பெட்டி வேண்டுமல்லவா, அங்கேதான் மாமா, என் தலையெழுத்து திரும்பியது. டாக்டர், வண்ண விளக்கு எரியும் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அப்பா அதன் கதவைத் திறந்தார், மூடினார், ஆட்டினார். "தகரம்."

"எல்லாப் பொட்டியும் தகரம்தாண்ணே."

"இடுக்கப் பாருய்யா. எறும்பு ஊர்வலமே போகும்."

"அது காத்து போறதுக்குண்ணே."

"காத்து போனா தூசி போகும், தூசி போனா பூச்சி போகும். பொட்டிய நான் செஞ்சுக்கறேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

ஏழு நாள் ஆயிற்று. ஒரு வீட்டு வாசற்கதவுக்கு வாங்கி மிஞ்சிய தேக்கு. ஓர் ஆணி கிடையாது, எல்லாம் ஒரு பலகையின் துளைக்குள் இன்னொன்றின் முனையை இறக்கிய இணைப்பு. மதர்போர்டு உட்கார நான்கு மரக்குச்சிகளை அவரே சீவி வைத்தார். கணினியை இயக்க ஒரு பொத்தான் வேண்டும் என்றதற்கு, எங்கோ ஒரு வீட்டில் கழற்றிப் போட்ட காலிங் பெல் சுவிட்சை முன்பக்கம் பதித்தார். நான் டாக்டரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அதுவும் இதுவும் ஒரே வேலைதாம்மா, தாராளமா வை" என்றார். வயர் வெளியே வருவதற்குப் பின்னால் ஒரே ஒரு ஓட்டை, அதையும் வயர் நுழைந்தபின் கம்பளித் துணி திணித்து அடைத்துவிட்டார். முடித்ததும் என்னையும் அம்மாவையும் கூப்பிட்டு நிற்கவைத்து, கதவை மெதுவாக மூடினார். "உஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வந்தது. "கேட்டீங்களா? உள்ள இருந்த காத்து வெளிய போற சத்தம். இனிமே ஒண்ணும் உள்ள போகாது." அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பட்டம் வாங்கியபோதுகூடப் பார்க்கவில்லை. அம்மா தன் பங்குக்கு அதற்கு ஓர் உறை தைத்தாள். கீழே சுருக்கம் வைத்து.

அப்பா பெட்டி செய்த நாட்களில் நான் அம்மாவின் துணி வெட்டும் மேஜையில் உட்கார்ந்து உள்வேலை செய்தேன். நான்கு நாள். ஒவ்வொரு திருகாணியையும் முடுக்குவதற்கு முன்னால் அதைப் பற்றி எழுதியிருப்பதையெல்லாம் மூன்று முறை படிப்பேன். அம்மா பக்கத்தில் தைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பாள். பயன்படுத்தியது அவளுடைய மிஷின் ஸ்க்ரூ டிரைவர், ப்ராசஸர் மேல் கிறீச்சிட்ட குட்டிக் காற்றாடிக்குப் போட்டது அவளுடைய மிஷின் எண்ணெய். எல்லாம் பொருத்தி முடித்து கரண்ட் கொடுத்தேன், டிவி அதே நீலம். பிரித்தேன், சேர்த்தேன், நீலம். நினைவுப் பட்டை சரியாக உட்காரவில்லை என்று புரிந்தது, ஆனால் அழுத்தினால் உடைந்துவிடுமோ என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா தையலை நிறுத்தினாள். "என்னடி அதை ஊசியில நூல் கோக்கற மாதிரி தடவிக்கிட்டிருக்க? சட்டைக்குப் பட்டன் போடற மாதிரி அழுத்து." நான் அழுத்தவில்லை, அவளே வந்து அழுத்தினாள். "டக்" என்றது. டிவியில் எழுத்து வந்தது. "அவ்வளவுதானே?" என்று சொல்லிவிட்டுப் போய் மறுபடி தைக்க உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஆட்களை அழைத்துவிட்டார். மாடிவீட்டு அக்கா குடும்பம், டிவி கொடுத்த வீட்டுக்காரர்கள், எல்லோரும் நம் கூடத்தில். அப்பா உறையை விலக்கி, கதவைத் திறந்து காட்டி, உஸ்ஸென்று மூடிக் காட்டினார். எல்லோரும் பெட்டியைப் பாராட்டினார்கள். பிறகு படம் போட்டேன். படம் வந்தது, சத்தம் வரவில்லை. எல்லோரும் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க, சத்தம் எந்த வழியாகப் போகிறது என்று தேடிப் பிடித்துத் திருப்பிவிட்டேன். அதுவும் வந்தது. இருபதாவது நிமிடம், கதாநாயகன் ஏதோ முக்கியமாகச் சொல்ல வாயைத் திறந்தான், லேசாக வார்னிஷ் வாசம் வந்தது, டிவி நீலமாகிவிட்டது. "இடைவேளையா?" என்றாள் மாடிவீட்டு அக்கா. மறுபடி பெல்லை அழுத்தினேன். இந்தத் தடவை ஒன்பது நிமிடம். "என்னம்மா இது, இடைவேளை விட்டு இடைவேளையா?" அப்பா எழுந்து நின்று, சபைக்கு அறிவிப்பதுபோலச் சொன்னார்: "பொட்டி நான் செஞ்சது. உள்ள இருக்கறது இவ செஞ்சது." எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. விருந்தாளிகள் பெட்டியை மறுபடி ஒருமுறை பாராட்டிவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை டாக்டரிடம் போனேன். இந்தத் தடவை அவரே கூப்பிட்டார். "பொட்டி எப்படி?" "நல்லா இருக்கு சார்." "ஓட்டை எத்தனை?" "ஒண்ணு. அதையும் துணி வச்சு அடைச்சாச்சு." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்குள்ள ஒரு பிஸ்கட் பாக்கெட்ட வச்சா ஆறு மாசம் மொறுமொறுன்னு இருக்கும்மா. கம்ப்யூட்டர் செத்துடும். சூடு தாங்காம அதுவே தன்னைக் காப்பாத்திக்க அணைஞ்சிடுது. போய் ஓட்டை போடு."

ஓட்டை போடு என்று சொல்வது சுலபம். அப்பாவின் பெட்டியில்! நான் அன்றைக்கு ஒரு தடவை சொன்னேன், "அப்பா, அது உள்ள கொஞ்சம் சூடாகுது போல." "தேக்கு சூடாகாது." செவ்வாய்க்கிழமை, "அப்பா, அதுக்கு மூச்சு முட்டுதுப்பா." "நான் செஞ்ச அலமாரியில இருபது வருஷமாத் துணி இருக்கு. எந்தத் துணி மூச்சு முட்டிச் செத்துச்சு?" புதன்கிழமை, "டாக்டர் கூட என்ன சொன்னார்னா..." "தகரம் விக்கிறவன் அப்படித்தான் சொல்வான்." வியாழக்கிழமை சொல்லத் தொடங்கி, அவர் திரும்பிப் பார்த்ததும், தண்ணி வேணுமாப்பா என்று கேட்டுவிட்டேன்.

இதற்கு நடுவில் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அதிர்ச்சி அடையாதீர்கள். உங்கள் அக்காவுக்கு கேம் பிடித்துவிட்டது. ஓட்டிப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே என்று கார் பந்தயத்தைப் போட்டு ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுத்தேன், கொடுத்ததுதான். நாற்காலியின் கீழே அவள் கால் இரண்டும் மிஷின் மிதிப்பதுபோல மிதித்துக்கொண்டே இருக்கும், வளைவு வந்தால் உடம்போடு சாய்வாள். துணி தைக்கக் கொடுத்தவர்கள் வாசலில் நின்று கூப்பிட்டால், "இன்னும் ரெண்டு சுத்து இருக்கு, உக்காருங்க" என்கிறாள். பெட்டிக் கதவு திறந்திருந்தால் ஆட்டம் நிற்காமல் ஓடுகிறது என்பதை என்னிடம் கேட்காமலே கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் அப்பா ஒரு தச்சர். திறந்திருக்கும் கதவு எதுவாக இருந்தாலும் அவர் கை தானாகப் போய் மூடிவிடும், அவருக்கே தெரியாது. தண்ணீர் குடிக்க வந்தால் மூடுவார், பென்சில் தேட வந்தால் மூடுவார்.

"கதவ ஏன் தொறந்து போடற?"

"தொறந்திருந்தாத்தான் ஓடுது."

"தொறந்து போடறதுக்கா நான் கதவு செஞ்சேன்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். யாரு செய்யச் சொன்னா?"

வெள்ளிக்கிழமை காலை, கடைசிச் சுற்று. அம்மா அதுவரை நான்காம் இடத்துக்கு மேல் வந்ததில்லை. மூன்றாவதாக இருந்தவள் இரண்டாவதைத் தொட்டு, முதலாவது காரின் பின்விளக்கு தெரிகிறது. அப்பா அளவு நாடாவை எடுக்க உள்ளே வந்து போயிருக்கிறார், நாங்கள் கவனிக்கவில்லை. வார்னிஷ் வாசம் வந்தது. அம்மா, "வேணாம், வேணாம், இன்னும் ஒரே வளைவு" என்று பெட்டியைப் பார்த்துக் கெஞ்சினாள். நீலம். அம்மா ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்த விதத்தில் அப்பா பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"உங்களாலதான்!"

"என்னாலயா? உன் பொண்ணு சேர்த்த லட்சணம் அது!" நான் பிறந்த நாளிலிருந்து, அப்பாவுக்குக் கோபம் வந்தால் நான் அம்மாவுக்கு மட்டும்தான் மகள். பிறகு என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஒண்ணாம் தேதி வரலன்னு அந்த ஆபீசுக்கு எழுதிடு. ஒரு பொட்டிய ஓட வைக்கத் தெரியல, அங்க போய் யாரும் இல்லாம என்ன செய்வ?" சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். ட்ரில்லை மறந்துவிட்டார்.

நான் தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். "ஐயா, தவிர்க்க முடியாத காரணங்களால்" என்பதுவரை எழுதினேன். அதற்கு மேல் என்ன காரணம் என்று எழுதுவது? என் தந்தையார் கதவைச் சாத்துகிறார் என்றா? தாளை மடித்து வைத்தேன். போய் ட்ரில்லை எடுத்து வந்து, பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பினேன். அம்மா தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்து நின்றாள்.

"அப்பா பொட்டியிலயா?"

"ஆமா."

"எத்தனை?"

"பதினாறு."

அம்மா ஒரு கணம் யோசித்தாள். "ஒண்ணு போட்டாலும் திட்டுதான், பதினாறு போட்டாலும் திட்டுதான். போடு. நான் பொட்டியப் பிடிச்சுக்கறேன்."

முதல் ஓட்டைக்கு ட்ரில் துள்ளி ஒரு விரற்கடை தள்ளிப் போய் விழுந்தது. இரண்டாவது அதற்குப் பக்கத்தில் விழவில்லை. பதினாறும் போட்டு முடித்துப் பார்த்தால், ஒன்றுக்கு ஒன்று சண்டை போட்டுக்கொண்டு நிற்பது மாதிரி இருந்தன. ஓரமெல்லாம் சிராய் எழும்பி முள்முள்ளாக நின்றது. கதவை மூடி, படத்தைப் போட்டுவிட்டு, நான் அதைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா வந்தார். படம் ஓடுவதைக் கவனிக்கவில்லை. தரையில் கிடந்த தேக்குத் தூளைத்தான் முதலில் பார்த்தார், அது அவருக்கு வாசனையிலேயே தெரியும். பெட்டியின் பின்னால் போய் உட்கார்ந்தார். விரலை வைத்து ஒவ்வோர் ஓட்டையாகத் தடவினார்.

"யாரு?"

"நான்தான்."

"ட்ரில்லுல எந்த பிட்டு போட்ட?"

"பெருசு."

"பின்னால கட்டை வச்சுப் பிடிச்சியா?"

"இல்லப்பா."

"அதான் சிராய்ச்சிருக்கு." விரலில் ஏறிய சிராயைப் பிடுங்கி எறிந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"நாலு நாள் சொன்னேன்."

"அதுக்குப் பேரு சொல்றதா? உள்ளுக்குள்ளயே மென்னு முழுங்கிட்டு, தண்ணி வேணுமான்னு கேட்ட."

மாமா, எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நான் எழுந்து நின்று சொன்னேன், மாடிவீட்டுக்குக் கேட்டிருக்கும். "இப்ப சொல்றேன் கேளுங்க. இலைக்கே ஓட்டை இருக்குப்பா. அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாம, ஆயிரக்கணக்குல. அது வழியாத்தான் இலை மூச்சு விடுது, சூட்டத் தணிச்சுக்குது. அந்த ஓட்டை மட்டும் இல்லன்னா இலை இல்ல, இலை இல்லன்னா மரம் இல்ல, உங்க தேக்கும் இல்ல. மரமே ஓட்டை வச்சுக்கிட்டுத்தான் நிக்குது. அதுல செஞ்ச பொட்டிக்கு மட்டும் எதுக்கு வேணாங்கறீங்க?" மூன்று வருடம் படித்ததில் நான் வாய்விட்டுச் சொன்ன முதல் பாடம் இதுதான். வாய்மொழித் தேர்வில்கூட இவ்வளவு சொன்னதில்லை, அங்கே தலையை மட்டும் ஆட்டினேன்.

அப்பா ஓர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். படத்தில் யாரோ யாரையோ துரத்திக்கொண்டு ஓடினார்கள். "இலைக்கு ஓட்டையா?" என்றார். "எவ்வளவு பெருசு?" நான் சொன்னேன். "எந்த இலைக்கும் அப்படித்தானா?" என்றார். அதையும் சொன்னேன். "முப்பது வருஷமா மரத்தை அறுக்கறேன், ஒருத்தன் சொல்லல." பிறகு பின்பலகையைக் கழற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனார். புதுப்பலகை, நூல் பிடித்து அளந்து, எட்டு வரிசை, வரிசைக்கு எட்டு, ஓரம் மழித்து உப்புத்தாள் போட்டு. கீழ்ப்பக்கம் ஒரு வரிசை தனியாக, "காத்து உள்ள வரவும் வழி வேணும்ல?" என்று அவரே எனக்கு விளக்கினார். அன்று மாலை இரண்டரை மணி நேரப் படம் இடைவேளை இல்லாமல் ஓடியது. நானும் அம்மாவும்தான் பார்த்தோம். அப்பா பெட்டிக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஓட்டைகளுக்கு முன்னால் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு, "வருது. சூடா வருது" என்று படம் முடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். படம் முடிந்து எழுந்தபோது, என்னைப் பார்க்காமல், "எப்ப பஸ்ஸு?" என்று கேட்டார்.

ஆக மாமா, நீங்கள் வைத்த பரீட்சையில் உங்கள் அக்கா மகள் தேறிவிட்டாள். வீட்டில் ஒரு கணினி இருக்கிறது, படம் ஓடுகிறது, கேம் ஓடுகிறது, கொஞ்சம் மழை மட்டும் கோடாகத் தெரிகிறது. அப்பா மனதாரச் சம்மதித்துவிட்டார். இனி எதுவும் மாறாது.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பெரியவர்களின் ஆசி கேட்டு இந்த இடத்தில் எழுத வேண்டும் என்பது முறை. உங்கள் ஆசியின் பலனைத்தான் மூன்று வாரமாக அனுபவித்துக்கொண்டிருக்கிறேன் என்பதால், இருக்கிற ஆசியே போதும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு அக்கா மகள்

பின்குறிப்பு: மாமா, மேலே "இனி எதுவும் மாறாது" என்று ஒரு வரி இருக்கிறது, அதை அடித்துவிடுங்கள். உறையை ஒட்டுவதற்குள் மாறிவிட்டது. நேற்று மாடிவீட்டு அக்காவும் டிவி கொடுத்த வீட்டுக்காரரும் வந்து முழுப்படமும் பார்த்துவிட்டு, தங்களுக்கும் இதேபோல ஆளுக்கொன்று வேண்டும் என்று சொல்ல, அப்பா, "வெளிப்பொட்டி நான், உள்வேலை என் பொண்ணு" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். இப்போது நான் அவருக்கும் மகளாம். வந்தவர்கள் போனதும் என்னிடம், "கைவசம் இப்படி ஒரு வேலைய வச்சுக்கிட்டு யாராவது விதை எண்ணப் போவாங்களா? போக வேணாம்" என்றார். தெரியாததால் போகக்கூடாது என்றவர், தெரிந்துவிட்டதால் போகக்கூடாது என்கிறார்.

இன்று காலை, இந்தத் தடவை தண்ணீர் வேணுமா என்று கேட்பதில்லை என்ற முடிவோடு அவரைத் தேடிக் கூடத்துக்கு வந்தால், அம்மா மேஜையில் கணினியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பரப்பி வைத்திருந்தாள். திருகாணிகள் எல்லாம் பட்டன் டப்பாவில். "என்னம்மா பண்ணிட்ட!" என்று கத்திவிட்டேன், அப்பாவும் ஓடி வந்தார். "கத்தாத. அன்னிக்கு நீ சேர்க்கும்போது பாத்தேன்ல" என்று சொல்லிவிட்டு எங்கள் கண்ணெதிரே சேர்க்க உட்கார்ந்தாள். ஒரு சட்டைக்கு இரண்டு கை வைத்துத் தைக்கிற நேரம்கூட ஆகவில்லை. பெல்லை அழுத்தினாள், ஓடியது. "எனக்கு நாலு நாள் ஆச்சேம்மா?" என்றேன். "நீ ஒவ்வொண்ணுக்கும் படிச்சுப் படிச்சுப் பாத்த, அதான்" என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "உள்வேலை நான் பாக்கறேன். அவ பஸ்ஸுக்கு நாள் நெருங்கிடுச்சு" என்றாள்.

அப்பா பெட்டியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக்குப் படிப்பே தேவையில்லன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? அப்ப படிச்சவ எதுக்கு இங்க? படிச்ச வேலைக்கே போகட்டும்" என்றார். ஆக, கணினி சேர்க்கத் தெரிந்ததால் அல்ல மாமா, அதற்கு நான் தேவையே இல்லை என்பதால் வருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை பஸ் வந்து சேரும். அழைத்துப் போக அத்தையை மட்டும் அனுப்புங்கள். நீங்கள் வந்தால் விடுதிக் காப்பாளரிடம் எனக்கு இன்னும் என்னென்ன தெரியும் என்று சொல்லிவிடுவீர்கள்.